மூலிகைச் சேர்மத்திலிருந்து நோயின் புரதம் வரை: ஆய்வைத் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

மழை பிடித்ததும் வேளிமலை அடிவாரத்து வேலிகளில் செங்காந்தள் ஏறிப் பூப்பதைக் குமரி மாவட்டத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான அந்தக் கொடியின் கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் என்னும் சேர்மம் இருக்கிறது. யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் படிவதால் வரும் கௌட் நோய்க்கு அது மருந்து. அளவு சற்று மிஞ்சினால் ஆளைக் கொல்லும் நஞ்சு. 1967-இல் அமெரிக்காவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கக் குறியிட்ட கால்ச்சிசினைப் பலவகைத் திசுக்களோடு சேர்த்து, அது எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடினார்கள். பிளவுபடும் செல்களில் அது மிகுதியாக ஒட்டும் என்பது எதிர்பார்த்ததுதான். பிளவுபடாத மூளைத் திசுவிலும் அது மிகுதியாக ஒட்டியது எதிர்பாராதது. நரம்புச் செல்களுக்குள் நுண்குழல்கள் நிறைந்திருப்பதே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த நுண்குழல்களைக் கட்டும் புரதத்துக்கு மறு ஆண்டு டியூபுலின் என்று பெயர் வந்தது. எட்டி விதையின் ஸ்ட்ரிக்னினும் அவ்வாறே பயன்பட்டது: தண்டுவடத்தில் நரம்புச் செய்தியை அடக்கும் கிளைசின் ஏற்பி என்னும் புரதத்தை 1980-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தவர்கள் அந்தச் சேர்மத்தையே பிடியாகக் கொண்டார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் மூலிகை ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் “இந்தச் செடி இந்த நோயைக் குணப்படுத்துமா?” என்ற கேள்வியோடு மட்டும் வருகிறார்கள். செடியின் சேர்மம் மருந்தாகத் தேறாமல் போகலாம். ஆயினும் அது நோயின் உள்ளமைப்பில் எந்தப் புரதம் முக்கியமானது என்பதைக் காட்டிக்கொடுக்கும் கருவியாக இருக்க முடியும். புரோட்டியோமிக்ஸ் என்னும் புரதத் தொகுப்பியல், அதாவது ஒரு செல்லிலோ திசுவிலோ உள்ள புரதங்கள் அனைத்தையும் ஒருசேர அளக்கும் துறை, அந்தத் தேடலை இன்று ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒரே நேரத்தில் நடத்த இடம் தருகிறது. அதற்கான வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக நெடுக நிலவேம்பை வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கேள்வியைக் குறுக்குதல்

“காய்ச்சலுக்கு நிலவேம்பு” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. காய்ச்சலில் பல நிகழ்வுகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். “பாக்டீரிய நச்சால் தூண்டப்பட்ட பெருவிழுங்கிகள் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) வெளியிடும் அழற்சிப் புரதங்களை நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்னும் சேர்மம் குறைக்கிறதா, குறைத்தால் எந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு அதைச் செய்கிறது?” என்று எழுதினால், எந்தச் செல், எந்தச் சேர்மம், எதை அளப்பது என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும். மேலும், மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் கொடுக்கப்படும் நிலவேம்புக் குடிநீர் ஒரே செடியின் சாறு அன்று. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவையும் சேர்ந்த ஒன்பது சரக்குகளின் கூட்டு அது. ஒற்றைச் சேர்மத்தில் கண்ட முடிவைக் குடிநீரின் முடிவாகச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. குடிநீரில் கண்டதை ஒற்றைச் சேர்மத்தின் மேல் ஏற்றவும் முடியாது.

இரண்டாம் படி: செடிக்கு உரியவர்களும் சட்டமும்

பேச்சிப்பாறைக்கு மேலுள்ள குடியிருப்புகளில் வாழும் காணிப் பழங்குடி மக்களிடமிருந்தோ, மருந்துவாழ்மலை அடிவாரத்து வைத்தியரிடமிருந்தோ ஒரு செடியின் பயனை அறிந்துகொண்டால், அந்த அறிவு உங்கள் ஆய்வின் முதல் தரவு. 1987-இல் அகத்தியமலைத் தொடருக்குச் சென்ற ஆய்வுக் குழுவினர், வழிகாட்டிகளாக வந்த காணிகள் களைப்பின்றி நடப்பதையும் வழியில் ஒரு சிறு செடியின் காய்களைத் தின்பதையும் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் உருவாக்கிய மருந்தின் உரிமக் கட்டணத்திலும் ஆதாய உரிமைத்தொகையிலும் பாதி, காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று முடிவாயிற்று. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல்தான் வந்தது. அதற்கு முன்பே எட்டப்பட்ட ஏற்பாடு இது என்பதால் உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

ஆகவே காட்டுக்குள் சேகரிக்கும் முன் வனத்துறையின் எழுத்துவழி அனுமதியைப் பெறுங்கள். காணிக் குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணியிடம் நோக்கத்தை விளக்கி ஒப்புதல் கேளுங்கள். காப்புரிமை கோரும் எண்ணமோ வெளிநாட்டுக் கூட்டாளியோ இருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையைத் தொடக்கத்திலேயே விசாரித்துவிடுங்கள். நோயாளிகளின் இரத்தமோ திசுவோ தேவைப்படுமானால், நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதல் வராமல் ஒரு குழாயைக்கூடத் தொடக்கூடாது.

மூன்றாம் படி: செடியை உறுதி செய்தல்

நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் படி இது. ஏனெனில் இங்கே நேரும் பிழையை எந்த விலையுயர்ந்த கருவியாலும் பின்னால் திருத்த இயலாது.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், அமெரிக்க அறிவியலாளர் பாரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியிருந்தவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போயிற்று. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகின் கவனத்தை ஈர்த்த அந்த முடிவு, பிற இடங்களில் நடந்த பிந்தைய ஆய்வுகளில் திரும்பக் கிடைக்கவில்லை. செடியின் இனம், அது வளர்ந்த நிலம், பறித்த பருவம் ஆகியவற்றின் வேறுபாடு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று விவாதிக்கப்பட்டது. அந்த ஐயம் வெறுமனே எழுந்ததன்று. தென்னிந்தியச் சந்தைகளில் கீழாநெல்லி என்று விற்கும் சரக்கில் ஒரே பேரினத்தைச் சேர்ந்த பல இனங்கள் கலந்து வருவது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கட்டாக வாங்கிவந்த சரக்கில் ஆய்வைத் தொடங்காதீர்கள் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

பூவும் காயும் உள்ள முழுச் செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, பறித்த இடம், உயரம், நாள், பறித்தவர் பெயர் ஆகியவற்றோடு சான்று மாதிரியாக்குங்கள். திருச்சி ராபினட் உலர்தாவரக் காப்பகத்திலோ கோயம்புத்தூரில் உள்ள தாவரவியல் ஆய்வுத் துறையின் காப்பகத்திலோ அடையாளம் உறுதி செய்து எண் பெறுங்கள். ஐயம் இருந்தால், டிஎன்ஏவின் ஒரு துண்டைப் படித்து இனத்தை அறியும் குறிப்பட்டைச் சோதனையும் செய்யுங்கள். குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு பருவமழைகள் உண்டு. ஆனியில் பறித்த இலையும் மார்கழியில் பறித்த இலையும் ஒரே அளவு சேர்மத்தைத் தரும் என்று கொள்ள முடியாது. ஆகையால் ஒரே பருவத்தில், போதுமான அளவைச் சேகரித்து உலர்த்தி வைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: சாற்றிலிருந்து சேர்மத்துக்கு

உலர்ந்த பொடியை எத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறெடுத்து, அதை வண்ணப்பகுப்பு முறையில் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் முதல் படியில் தேர்ந்த செல் சோதனையில் ஆராய்ந்து, செயல் தெரியும் கூறை மேலும் பிரித்துக்கொண்டே போக வேண்டும். நிலவேம்பைப் பொறுத்தவரை ஆண்ட்ரோகிராஃபோலைடு தூய நிலையில் விலைக்குக் கிடைக்கிறது. எனினும் உங்கள் சாற்றில் அது எவ்வளவு உள்ளது என்று அளந்து குறித்துக்கொள்வது அவசியம்.

இங்கே இரண்டு கண்ணிகள் உள்ளன. சாற்றில் பாக்டீரிய நச்சு கலந்திருந்தால் அதுவே அழற்சியைத் தூண்டிவிடும். ஆதலால் அதற்கான சோதனையைத் தவிர்க்காதீர்கள். மற்றொன்று, எல்லாவற்றின் மேலும் ஒட்டும் சேர்மங்கள். மஞ்சளின் குர்குமின் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான புரதங்களைத் தடுப்பதாகத் தோன்றியிருக்கிறது. அது தானே ஒளிர்கிறது, நீரில் விரைவில் சிதைகிறது, திரள்களாகிப் புரதங்களை அள்ளிக்கொள்கிறது. இவை எல்லாம் சோதனைகளை ஏமாற்றும் பண்புகள். 2017-இல் வெளிவந்த ஒரு விரிவான மருந்து வேதியியல் மீளாய்வு இதைத் தெளிவாக எடுத்துரைத்தது. மஞ்சளை வாழ்நாளெல்லாம் உண்டு வளர்ந்த நமக்கு அதை ஏற்பது கடினம். ஆனால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: சோதனையை வகுத்தல்

மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியான நிறை நிறமாலைமானிக்கு மாதிரியை அனுப்பும் முன் காகிதத்தில் செய்யும் வேலை இது. எத்தனை குழுக்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை தனி மாதிரிகள், எந்த அளவில் சேர்மம், எத்தனை மணி நேரம் என்பவற்றை முன்கூட்டியே எழுதுங்கள். ஒரே தட்டில் வளர்ந்த செல்லை மூன்று முறை அளப்பது மூன்று மாதிரிகள் ஆகாது. வெவ்வேறு நாள்களில் தனித்தனியே வளர்த்த செல்களே தனி மாதிரிகள். குறைந்தது நான்கு வேண்டும் என்பது என் கருத்து. கரைப்பான் மட்டும் சேர்த்த கட்டுப்பாட்டுக் குழு, நச்சு மட்டும் சேர்த்த குழு, நச்சும் சேர்மமும் சேர்த்த குழு, சேர்மம் மட்டும் சேர்த்த குழு ஆகிய நான்கும் இருக்கட்டும்.

என் முதல் ஆய்வில் கட்டுப்பாட்டு மாதிரிகள் அனைத்தையும் ஒரு நாளிலும், சேர்மம் கொடுத்தவை அனைத்தையும் மறுநாளிலும் தயாரித்தேன். முந்நூறுக்கும் மேற்பட்ட புரதங்கள் மாறியிருப்பதாகப் பட்டியல் வந்தது, பெருமகிழ்ச்சி அடைந்தேன். இரு குழுக்களையும் ஒவ்வொரு நாளிலும் கலந்து மீண்டும் செய்தபோது அவற்றுள் பெரும்பாலானவை மறைந்துபோயின. நான் அளந்தது சேர்மத்தின் விளைவை அன்று, இரண்டு நாள்களின் வேறுபாட்டை. எட்டு மாத உழைப்பு அதில் போயிற்று. மாதிரிகளின் வரிசையைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சேர்மத்தின் அளவைத் தேர்வதிலும் நேர்மை வேண்டும். ஆண்ட்ரோகிராஃபோலைடு வாய்வழி உட்கொண்டால் சிறிதளவே இரத்தத்தைச் சேர்கிறது. இரத்தத்தில் ஒருபோதும் எட்டாத செறிவை வளர்தட்டில் ஊற்றிப் பெற்ற விளைவு, புரதத்தைத் தேடும் கருவியாகப் பயன்படலாம். மருந்தின் பயன் என்று அதை எழுதக்கூடாது.

ஆறாம் படி: புரதத்தைப் பிரித்து அளத்தல்

செல்களை உடைத்துப் புரதத்தைக் கரைத்து, டிரிப்சின் என்னும் நொதியால் வெட்ட வேண்டும். டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் ஆகிய இரு அமினோ அமிலங்களை அடுத்து மட்டும் வெட்டுவதால், கிடைக்கும் பெப்டைடுத் துண்டுகளை முன்கூட்டியே கணிக்க முடியும். அவற்றைத் திரவ வண்ணப்பகுப்பில் வரிசைப்படுத்தி, மின்தெளிப்பால் மின்னூட்டி, நிறை நிறமாலைமானியில் நிறையை அளந்து, மேலும் உடைத்து, அத்துண்டுகளின் நிறையையும் அளக்கிறோம். பெரிய உயிர்மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்னூட்டும் வழிகளைக் கண்ட ஜான் ஃபென்னும் கொய்ச்சி தனாக்காவும் 2002-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இத்தகைய கருவிகள் நம் மாவட்டக் கல்லூரிகளுக்கு எட்டாதவை. ஆனால் ரயிலில் இரண்டு மணி நேரத்தில் எட்டக்கூடிய திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம் இருக்கிறது; பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கட்டணச் சேவை தரும் கூடங்கள் உள்ளன. மாதிரிகளை உலர்பனியில் கொண்டுசெல்லுங்கள். தயாரிக்கும்போது கையுறையும் தலையுறையும் அணியுங்கள். இல்லையெனில் உங்கள் தோலின் கெரட்டின் புரதமே பட்டியலின் உச்சியில் வந்து நிற்கும்.

நோயாளியின் இரத்த நீர்மத்தில் தேடுவோருக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அதன் புரத எடையில் ஏறத்தாழப் பாதி அல்புமின். மிகுந்தவற்றுக்கும் அரிதானவற்றுக்கும் இடையே ஆயிரம் கோடி மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு. எனவே வேண்டிய வகையை மட்டும் பிடித்தெடுக்கும் உத்தி தேவைப்படுகிறது. அதற்கு நம் வீட்டுக் கொல்லையிலிருந்தே ஒரு கருவி கிடைத்தது. சக்கைக்குருவில், அதாவது பலாக்கொட்டையில், ஜாக்கலின் என்னும் புரதம் இருக்கிறது. அது மனிதனின் ஐஜிஏ1 என்னும் எதிர்ப்பொருளில் உள்ள சர்க்கரைச் சங்கிலியை அடையாளம் கண்டு பற்றும். அதன் முப்பரிமாண வடிவத்தை 1996-இல் வெளியிட்டவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் விஜயன் குழுவினர். ஐஜிஏ1-இன் சர்க்கரைச் சங்கிலி குறைபட்டுச் சிறுநீரக வடிகட்டிகளில் படியும் நோயை ஆராய்வோர், ஜாக்கலின் பூசிய மணிகளால் அந்தப் புரதத்தை இரத்தத்திலிருந்து பிரிக்கிறார்கள். நாம் தீயலில் போடும் கொட்டை அது.

ஏழாம் படி: பட்டியலை நம்பும் முன்

கணினி நிரல் துண்டுகளின் நிறையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் புரதங்களின் பெயர்களைத் தருகிறது. மனிதனில் புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் 17,294 மரபணுக்களின் புரதங்களை 2014-இல் பெங்களூர் உயிர்தகவலியல் நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து வரைபடமாக்கின. உங்கள் சோதனையில் 4,000 புரதங்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடையாளப் பிழை நூற்றுக்கு ஒன்று என வரம்பிட்டாலும் 40 பெயர்கள் பொய்யாக இருக்கலாம். ஒவ்வொன்றையும், தற்செயலுக்கு நூற்றுக்கு ஐந்து இடம் விடும் 0.05 என்ற வழக்கமான எல்லையில் சோதித்தால், எதுவுமே மாறாத நிலையிலும் தற்செயலாக 200 புரதங்கள் மாறியதாகத் தோன்றும். இதனால்தான் பலமுறை சோதித்தலுக்கான திருத்தம் கட்டாயமாகிறது. திருத்திய பிறகு பன்னிரண்டு புரதங்களே மிஞ்சினால், அந்தப் பன்னிரண்டை எழுதுங்கள்.

எட்டாம் படி: கரமடியும் தூண்டிலும்

இதுவரை செய்தது கரையிலிருந்து கரமடி வலை இழுப்பது போன்றது; கரையோரத்தில் இருந்தவை எல்லாம் வலையில் வந்துவிடும். அவற்றுள் எது நம் சேர்மம் நேரடியாகப் பற்றிய புரதம், எது அதன் விளைவாகப் பின்னர் கூடியோ குறைந்தோ போனது என்பதை வலை சொல்லாது. அதற்குத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் சுறாவுக்குப் போடுவது போன்ற தூண்டில் வேண்டும்.

நிலவேம்பு இதற்குச் சிறந்த பாடம். ஆண்ட்ரோகிராஃபோலைடு, அழற்சி மரபணுக்களை முடுக்கும் என்எஃப்-கப்பா-பி தொகுதியின் பி50 புரதத்தில் 62-ஆம் இடத்துச் சிஸ்டைன் என்னும் அமினோ அமிலத்தோடு சகப்பிணைப்பு கொண்டு, அது டிஎன்ஏவில் அமர்வதைத் தடுக்கிறது என்று 2004-இல் காட்டப்பட்டது. இதற்கு பி50-இன் அளவு கூடவோ குறையவோ தேவையே இல்லை. அளவு மாற்றத்தை மட்டும் அளக்கும் சோதனையில் முதன்மையான புரதம் கண்ணில் படாமலே போய்விடும்.

தூண்டில் செய்யும் வழி இது: சேர்மத்தின் செயல் கெடாத ஓரிடத்தில் ஆல்கைன் என்னும் சிறு வால் ஒன்றை இணைத்து, உயிருள்ள செல்களுக்குக் கொடுத்து, பிறகு இரு மூலக்கூறுகளை எளிதாக இணைக்கும் கிளிக் வேதியியலால் அந்த வாலில் பயோட்டின் என்னும் கொக்கியை மாட்டி, பயோட்டினைப் பற்றும் மணிகளால் ஒட்டிய புரதங்களோடு இழுத்தெடுத்து நிறை நிறமாலைமானியில் அடையாளம் காண்பது. ஆண்ட்ரோகிராஃபோலைடுக்கே இவ்வாறு செய்து 2014-இல் முடிவுகள் வெளிவந்தன; என்எஃப்-கப்பா-பியோடு ஆக்டின் முதலிய பிற இலக்குகளும் தெரியவந்தன. வாலில்லாத சேர்மத்தை மிகுதியாக முன்னரே கொடுத்த செல்களையும் உடன் வையுங்கள்; அங்கே இழுபடாமல் போகும் புரதங்களே உண்மையாகப் பற்றியவை, இரண்டிலும் வருபவை மணிகளில் சும்மா ஒட்டியவை.

வால் இணைக்க வசதியில்லாதவர்களுக்கு வெப்ப முறை இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் உறைவது போல ஒவ்வொரு புரதமும் ஒரு வெப்பநிலையில் குலைந்து திரள்கிறது. சேர்மம் பற்றியிருந்தால் பெரும்பாலும் அந்த வெப்பநிலை உயரும். செல்களை 37 முதல் 67 பாகை வரை பத்துப் படிகளில் சூடாக்கி, கரைந்தே இருக்கும் புரதங்களை அளந்து ஒப்பிடலாம். சேர்மத்தில் எந்த மாற்றமும் செய்ய வேண்டியதில்லை என்பது இதன் பெரும் நன்மை.

ஒரே ஒரு புரதம்தான் விடையாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சீனத்து மூலிகையிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினினைத் தூண்டில் முறையில் சோதித்தபோது, மலேரியா ஒட்டுண்ணியில் 124 புரதங்களை அது தாக்குவது 2015-இல் தெரிந்தது. ஒட்டுண்ணி இரத்தத்தைச் செரிக்கும்போது வெளிப்படும் ஹீம் என்னும் இரும்புச் சேர்மம் ஆர்ட்டிமிசினினை முடுக்கிவிடுகிறது.

ஒன்பதாம் படி: மெய்ப்பித்தல்

கிடைத்த புரதத்தின் மரபணுவை அடக்கிய செல்லில், சேர்மத்தின் விளைவு குறைய வேண்டும். பற்றும் இடத்து அமினோ அமிலத்தை மாற்றினால் பிடி தளர வேண்டும். அளவு மாறியதாகக் கண்ட புரதமானால், எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டிலும் அந்த மாற்றம் தெரிய வேண்டும். கணினியில் சேர்மத்தைப் புரதத்தில் பொருத்திக் காட்டும் படம் இவற்றில் எதற்கும் ஈடாகாது. அது ஊகத்தைக் கூர்மையாக்க மட்டும் உதவும். இறுதியாக, அந்தப் புரதம் உண்மையான நோயாளிகளின் திசுவில் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்மம் காட்டிய புரதமும் நோய் மாற்றிய புரதமும் ஒன்றாகும் இடத்தில்தான் உங்கள் ஆய்வு நோயைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது.

பத்தாம் படி: வெளியிடுதலும் திருப்பிச் சொல்லுதலும்

மூலத் தரவைப் பிரைடு போன்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் வையுங்கள். கட்டுரையில் செடியின் சான்று மாதிரி எண்ணையும் தரவின் எண்ணையும் அருகருகே தாருங்கள். பிறகு, யாரிடம் கேட்டு ஆய்வைத் தொடங்கினீர்களோ அந்தக் காணிப் பெரியவரிடமோ வைத்தியரிடமோ சென்று, எந்தச் செடி, அதன் எந்தச் சேர்மம், செல்லில் எதைப் பற்றியது, மனிதரில் இன்னும் சோதிக்கப்படாதது எது என்பதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதிக் கொடுத்து, எதிரில் அமர்ந்து வாசித்தும் காட்டுங்கள். செங்காந்தளைப் போன்ற நஞ்சுச் செடியாக இருந்தால், எந்த அளவில் செல்கள் மடிந்தன என்பதும், அதைக் கிழங்காக யாரும் உட்கொள்ளக் கூடாது என்பதும் அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.